நான் பிரித்த ஐந்து உறைகள்

என் நண்பரின் கடித உறைகளை அவருக்குத் தெரியாமல் பிரித்து வாசித்தேன். ஒரு தடவையல்ல, ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் பழையபடி ஒட்டி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், அதுவரை நீங்கள் என்னை நல்லவன் என்று எண்ணிக்கொண்டு வருவீர்கள். அந்த மரியாதையையும் களவாகப் பெற எனக்கு விருப்பமில்லை.

உறைகளுக்குள் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். காதல் கடிதமல்ல, காணி உறுதிப் பத்திரமுமல்ல. சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள பிளாஸ்ரிக் படைவீரர்கள் அடுத்து எந்தப் பாதையால் நடக்க வேண்டும் என்ற கட்டளைகள். நெப்போலியன் காலத்துப் போரை மேசையில் வைத்து ஆடும் ஒரு விளையாட்டு, அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் சிரிக்கலாம். விளையாட்டுத்தானே... நானும் பல மாதங்கள் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கிளிநொச்சிக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரத்துப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்தவர். அந்த வயலை இன்றும் நாங்கள்தான் விதைக்கிறோம். இலண்டனில் இருக்கும் என் அண்ணா, தன் மகனுக்கு ஆசை தீர்ந்துபோன ஒரு பெட்டியை எனக்கு அனுப்பினார். நானூறு பொம்மை வீரர்கள், குதிரைகள், பீரங்கிகள், விளையாட்டு விதிகள் அடங்கிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று. சிறு வயதிலிருந்தே நெப்போலியனின் போர்களை வாசித்து வந்தவன் நான். பெட்டியைத் திறந்த அன்றே சக்கரவர்த்தி யார் என்பதை முடிவு செய்துவிட்டேன். எதிரியாக விளையாடத்தான் ஆள் கிடைக்கவில்லை. பாடசாலையில் கேட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எதிரி எங்கள் வயலுக்கு நெல் வெட்ட வந்தார்.

பெயர் மகேந்திரன். நெல் வெட்டும் மெசின் ஓட்டுபவர். அவருடைய குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தது. அப்போது அவர் கைக்குழந்தை. வீட்டில் அம்மாவோடு தோட்டத்துத் தமிழ் பேசுவார். எங்களோடு எங்கள் தமிழ். அவருக்கு என்னை விட ஒரு வயது கூட. ஆனாலும் அவர் என்னை ‘நீங்கள்’ என்றார், நான் அவரை ‘நீ’ என்றேன். அதில் பிழையிருப்பதாக எனக்குப் படவேயில்லை. இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேனே, இந்த மரியாதை எனக்குக் காலம் பிந்தி வந்தது.

அன்று வீரர்களைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிச் சுளகில் காயப் போட்டிருந்தேன். தேநீர் குடிக்க வந்த மகேந்திரன் குனிந்து ஒருவனை எடுத்தார்.

“மாஸ்டர், மற்றவையெல்லாம் சுடேக்க இவர் என்ன செய்யிறார்?”

“மேளம் அடிக்கிறான். படை நடக்கிறதுக்கு.”

“கையில துவக்கில்லாமலோ?”

“ஓம்.”

“அப்ப இவர்தான் இதுக்குள்ள ஆகப் பெரிய வீரன்,” என்றார். அவனை முகம் குப்புற விழாமல் நிமிர்த்தி வைத்தார்.

நான் இருபது வருடம் வரலாறு படிப்பித்தவன். அந்தப் பொம்மையை அப்படிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அறுவடை முடிந்ததும் ஞாயிறு மத்தியானங்களில் வரத் தொடங்கினார். அவருக்கு வெள்ளைச் சட்டை ஒஸ்திரியப் படையைக் கொடுத்தேன். நீலச் சட்டைப் பிரெஞ்சுப் படை எனக்கு. வண்ணம் தீட்டுவதற்கென்று தன் வீரர்களை வீட்டுக்குக் கொண்டு போனார். ஒரு மாதம் கழித்துப் பருத்திப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்தார். எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே மண்ணிறம் பூசியிருந்தது.

“என்ன இது, ஊத்தையா இருக்குது?” என்றேன்.

“எவ்வளவு தூரம் நடந்து வந்தவை மாஸ்டர். எப்பிடி வெள்ளையா இருப்பினம்?”

இருநூறு முகங்கள். ஒன்றைப் போல் ஒன்றில்லை. ஒருவன் களைத்திருந்தான். ஒருவனுக்குத் தாடி. மெசினின் தடியைப் பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்கள் எப்படி இதைச் செய்தன என்று இன்றும் எனக்கு வியப்புத்தான். என் நீலச் சட்டைக்காரர்கள் எல்லோரும் ஒரே முகத்தோடு, சாயத்தில் தோய்த்தெடுத்தது போல நின்றார்கள்.

ஒரு நாள் சண்டையோடு விடாமல் முழுப் படையெடுப்பையும் ஆடுவோம் என்று நான்தான் சொன்னேன். பெரிய மட்டையில் ஒரு கற்பனை நாட்டை வரைந்தோம். ஏழு ஊர்கள், இரண்டு ஆறுகள், பாதைகள், பாலங்கள். வெள்ளிக்கிழமை தோறும் எந்தப் படை எந்தப் பாதையால் போகிறது என்று இருவரும் தனித்தனியே எழுதி, உறையில் ஒட்டி, என் மனைவி பத்மாவிடம் கொடுக்க வேண்டும். ஞாயிறன்று இரண்டையும் ஒன்றாகப் பிரிப்போம். படைகள் எங்கே சந்திக்கின்றனவோ, அந்த இடத்தை மேசையில் அமைத்துப் பகடை உருட்டிச் சண்டையிடுவோம்.

பத்மா சுகாதார நிலையத்தில் குழந்தைப்பேறு பார்க்கும் மருத்துவ மாது. இந்த ஏற்பாட்டைக் கேட்டதும், “இஞ்ச பாத்த சண்டை காணாதே உங்களுக்கு?” என்றாள். ஆனாலும் உறைகளை வாங்கித் தன் அலுமாரியில் வைத்தாள்.

புத்தகத்தில் இல்லாத விதிகளை மகேந்திரன் கொண்டுவந்தார். மழை பெய்தால் பீரங்கி வண்டி வயல்வெளியில் பாதித் தூரம்தான் போகும் என்றார். “ஈர மண்ணில மெசினை இறக்கினால் என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும் மாஸ்டர்.” சேர்த்துக்கொண்டோம். இன்னொரு நாள் கேட்டார்:

“விழுந்த ஆக்களெல்லாம் செத்தவையில்லைத்தானே? பாதிப்பேர் காயக்காரராத்தான் இருப்பினம். அவைக்கு என்ன நடக்கும்?”

புத்தகத்தில் விடை இல்லை. நாங்களே ஒரு விதி எழுதினோம். தோற்றுப் பின்வாங்குபவர் காயக்காரரை விட்டுவிட்டுப் போனால் முழு வேகத்தில் போகலாம். வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் பாதி வேகம்தான், ஆனால் இரண்டு வாரத்தில் அவர்கள் திரும்பவும் படையில் சேருவார்கள். எதிரி அந்த வண்டிகளைப் பிடித்துவிட்டால் பெரிய தோல்வி.

நான் ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டுப் போனேன். பின்னால் தோற்றபோது மகேந்திரன் ஒரு தடவையும் விடவில்லை.

ஆனால் முதல் மூன்று சண்டையிலும் அவரே வென்றார். ஒரு தடவை மழை பெய்து என் பீரங்கிகள் சேற்றில் நிற்கும் நேரம் பார்த்து வந்தார். இன்னொரு தடவை ஓடுவது போல ஓடி, என் படையில் பாதி ஆற்றைக் கடந்ததும் பாலத்தை உடைத்தார். நான் புத்தகத்தில் படித்ததையே செய்துகொண்டிருந்தேன். அவர் மண்ணையும் தண்ணீரையும் தூரத்தையும் பார்த்தார். பாரமான ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை உடம்பால் அறிந்தவர் அவர்.

வென்ற பிறகு ஒரு நாளும் சத்தம் போட்டுச் சிரித்ததில்லை. “இண்டைக்குப் பகடை எனக்கு நல்லா விழுந்திட்டுது” என்பார். எனக்கு நோகக் கூடாதென்று.

மூன்றாவது தோல்விக்குப் பின் சந்தைப் பக்கத்துத் தேநீர்க் கடையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என்னைப் பிடித்தார். “என்ன மாஸ்டர், மகேந்திரன் உங்களை மூண்டு தரம் அடிச்சுப்போட்டானாம்? தோட்டக்காட்டான் மூளை பொல்லாத மூளை.”

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

அதையும் எழுதிவைக்கிறேன். மலைநாட்டாரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லைக் கேட்டு நான் எழும்பியிருக்க வேண்டும். என் நண்பன், அப்படிச் சொல்லாதையுங்கோ என்று ஒரு வார்த்தை... சொல்லவில்லை. சைக்கிளை மிதித்து வீடு வரும் வழியெல்லாம் எனக்குள் எரிந்தது அந்தச் சொல்லல்ல. மூன்று தரம் என்ற கணக்குத்தான்.

பட்டதாரி நான். ஐரோப்பிய வரலாறு படித்தவன். பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு மெசின்காரனிடம் நான் தோற்பதா? இந்தக் கேள்வியை அப்போது இவ்வளவு வெளிச்சமாக என்னிடமே நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் என் கைகளுக்கு அது தெரிந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு வந்தபோது வீட்டில் யாருமில்லை. பத்மா வேலையில். மகேந்திரன் காலையிலேயே உறையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் சோற்றுப் பருக்கையால்தான் உறையை ஒட்டுவார். தேநீருக்கு நான் வைத்த கேத்தில் குசினியில் கொதித்தது. அலுமாரியிலிருந்து உறையை எடுத்து ஆவியில் இரண்டு நிமிடம் பிடித்தேன். வாய் தானாகத் திறந்தது. வாசித்தேன். பானையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கித் திரும்ப ஒட்டினேன்.

நெஞ்சு படபடத்ததா? படபடத்தது. வெட்கத்தால் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது மகிழ்ச்சி.

அந்த ஞாயிறு நான் வென்றேன். அடுத்ததிலும் வென்றேன்.

“எப்பிடி மாஸ்டர் கண்டுபிடிச்சனீங்கள்?” என்று கேட்டார் மகேந்திரன். சந்தேகத்தோடு அல்ல. கற்றுக்கொள்ளும் ஆவலோடு. கொப்பி ஒன்று வாங்கி என் நகர்வுகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். வீட்டில் இருந்து யோசிப்பாராம், நான் ஏன் அந்தப் பாதையைத் தெரிவு செய்தேன் என்று. களவை ஒரு கலை என்று நம்பி அந்த மனிதர் படித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு பத்மா உறையை விரலால் தடவிப் பார்த்தாள். “மழையுமில்லை. இது ஏன் ஈரமாக் கிடக்குது?”

“தண்ணிக் கை பட்டிருக்கும்,” என்றேன்.

உறையைத் திரும்ப அலுமாரியில் வைத்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. இருபது வருடம் கூட வாழ்ந்தவளுக்குக் கேட்கத் தேவையுமில்லை.

ஐந்தாவது உறையைப் பற்றித்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

படையெடுப்பு முடிவுக்கு வந்திருந்தது. தொடர் தோல்விகளால் மகேந்திரனின் படை மெலிந்துவிட்டது. காயக்கார வண்டிகள் பதினொன்று அவரிடம் இருந்தன. பின்னால் என் முழுப்படை. முன்னால் ஆறு. அவர் பாலத்தைக் கடந்து தப்புவாரா, நின்று சண்டையிடுவாரா? எனக்குத் தெரியவில்லை. ஆகவே பிரித்தேன்.

அவருடைய வட்டமான கையெழுத்தில் இப்படி இருந்தது: “படை முழுவதும் பாலத்துக்குப் போகும். அங்கே நிற்கும். பின்வாங்காது. காயக்கார வண்டிகள் மட்டும் வடக்கே ஆழம் குறைந்த இடத்தால் ஆற்றைக் கடக்கும். காவலுக்கு மூன்று பேர்.”

கையில் தாளோடு குசினி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். தன் படை முழுவதையும் எனக்கு இரையாகப் போட்டு, நடக்க முடியாதவர்களை அக்கரைக்கு அனுப்புகிறார். எந்தத் தளபதியும் இப்படிச் செய்யமாட்டான் என்று தோன்றியது. எவ்வளவு அழகான கட்டளை என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றாகத்தான் தோன்றின.

பிறகு என் கட்டளையை எழுதினேன். “குதிரைப்படை முழுவதும் வடக்கே, ஆழம் குறைந்த இடத்துக்கு.”

அழகு என்று உணர்ந்த பிறகும் அதை எழுதினேன். உறைகளைப் பிரித்ததை விட இதுதான் என்னை அதிகம் அரிக்கிறது. நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் எழுதியிருப்பீர்களா? இல்லையென்று சொல்வீர்கள். நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஞாயிறு மத்தியானம். மகேந்திரன் என் உறையைப் பிரித்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மட்டையில் அந்த ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

“ஒருத்தரும் இஞ்ச வர மாட்டினம் எண்டு நினைச்சன்,” என்றார் மெதுவாக. “எப்பிடி மாஸ்டர் தெரியும்?”

“நீ அவையை விட மாட்டாய் எண்டு தெரியும்,” என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாத ஒரு வசனம். ஐந்து மாதமாக அவர் முன்னால் இருந்தவன் நான். கொஞ்சம் மனதை வைத்து அவரைப் பற்றி யோசித்திருந்தால் உறையைப் பிரிக்காமலே அது தெரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. பிரித்தேன்.

மகேந்திரன் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“இவ்வளவு காலத்தில என்னை இப்பிடி விளங்கிக்கொண்ட ஆள் நீங்கள் ஒருத்தர்தான் மாஸ்டர்.”

பிறகு சொல்லத் தொடங்கினார். போரின் கடைசி மாதங்களில் முல்லைத்தீவுக் கரைப்பக்கம் அவர்கள் நெருக்குண்டிருந்த நேரம். அவருடைய தம்பிக்குத் தொடையில் காயம். தோளில் போட்டு நான்கு நாள் தூக்கினார். ஐந்தாம் நாள் அம்மாவும் அக்காவின் இரண்டு குழந்தைகளும் நடக்க மாட்டாமல் இருந்துவிட்டார்கள். எல்லோரையும் தூக்க இரண்டு தோள்தான் இருந்தது. தம்பியே சொன்னானாம், அவையைக் கொண்டுபோய் விட்டிட்டு வா என்று. ஒரு மரத்தடியில் படுக்க வைத்து, தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரப் பாதை இருக்கவில்லை.

“அம்மாவுக்கு, வழியில செத்திட்டான் எண்டுதான் சொல்லியிருக்கிறன். என்ர மனிசிக்கும் அதுதான் தெரியும். ஒருத்தருக்கும் சொன்னதில்லை. விட்டிட்டு வாறது சுகம் மாஸ்டர். பிறகுதான் சுகமில்லை.”

அந்த மாதங்களில் நானும் அந்தக் கரையில் இருந்தவன்தான். எனக்கும் கதைகள் உண்டு. ஆனால் நான் அப்போது நினைத்தது அவற்றையல்ல. பதினாறு வருடம் எவருக்கும் காட்டாத ஒன்றை அவர் என் கையில் தந்துகொண்டிருந்தார். எதை நம்பித் தந்தார்? களவாக வாசித்த ஒரு தாளை நம்பி.

சொல்லியிருக்கலாம்... அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் நடப்பது என்ன? தன்னை விளங்கிக்கொண்ட ஒரே மனிதன் ஒரு கள்ளன் என்று ஆகிவிடும். சொன்ன கதையை அவர் திருப்பி வாங்கவும் முடியாது. அவருக்காகத்தான் மௌனமாக இருந்தேன் என்று சில நாள் நம்பினேன். இப்போது அப்படி நம்பவில்லை. அவர் என்னைப் பார்த்த அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து அவரை ‘நீங்கள்’ என்று அழைக்கத் தொடங்கினேன். அவர் கூச்சப்பட்டார். “என்ன மாஸ்டர் புதுசா?” என்றார். அவருக்கு உரியதைக் கொடுப்பதாக நினைத்தேன். அபராதம் கட்டினேன் என்பதுதான் சரி.

அந்தப் படையெடுப்பு என் வெற்றியோடு முடிந்தது; இந்த வருடம் புதிய படையெடுப்பு ஒன்றைத் தொடங்கினோம். “எனக்கு வேலை கூட. இனி உறையளை நீங்களே வைச்சிருங்கோ,” என்று பத்மா சொல்லிவிட்டாள். மகேந்திரன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. “மாஸ்டரிட்டயே இருக்கட்டும். உங்களை நம்பாமல் ஆரை நம்புறது,” என்று சிரித்துக்கொண்டு என் கையில் தந்தார்.

நான் பிரிக்கவில்லை. ஒரு உறையைக்கூட. இதற்காக நீங்கள் என்னை மெச்ச வேண்டியதில்லை. மெச்சினால் வெட்கப்படுவேன்.

நேர்மையாக விளையாடி நான்கு சண்டையிலும் தோற்றேன். நன்றாகத் தோற்றேன். அவர் என்னை விட மிக மேலான ஆட்டக்காரர். அவர் படைகள் அசைவதைப் பார்ப்பதே ஓர் இன்பம். தோற்றுக்கொண்டே அதை அனுபவிக்கக் கற்றுக்கொண்டேன். இது இப்படியே போகும் என்று நினைத்தேன்.

போன ஞாயிறு, நான்காவது தோல்வி முடிந்ததும் அவர் பகடையை மேசையில் வைத்தார்.

“மாஸ்டர், ஒண்டு கேட்டால் உண்மை சொல்லுவீங்களோ?”

“கேளுங்கோ.”

“நீங்கள் வேணுமெண்டு தோக்கிறீங்கள்.”

“இல்லை மகேந்திரன்.”

“என்ர தம்பியின்ர கதையைச் சொன்னதுக்குப் பிறகுதான் இப்பிடி. முந்தி நான் நினைக்கிறது முழுக்க உங்களுக்குத் தெரியும். இப்ப ஒண்டும் தெரியாத மாதிரி விளையாடுறீங்கள்.” குரல் தாழ்ந்தது. “எனக்குப் பாவம் பாக்கிறீங்கள். இப்பிடி ஆகுமெண்டால் நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.”

அவர் முகத்தில் இருந்தது கோபமல்ல. அவமானம். அந்த முகத்தில் அதை நான் முன்பு ஒரு நாளும் கண்டதில்லை. தேநீர்க் கடையில் அவரைப் பற்றிச் சொன்ன சொல் அவர் காதுக்கு எட்டாமல் போயிற்று. இது எட்டிவிட்டது. இதைக் கொடுத்தவன் நான்.

“நீங்கள் என்னை விடக் கெட்டிக்காரன். அதுதான் உண்மை,” என்றேன்.

“பாத்தீங்களோ,” என்றார். “இது ஆறுதல் சொல்லுற கதை.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் உறைகளைப் பிரித்தேன் என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்? மூன்று சொல். வாயைத் திறந்தேன். வெளியில் உழவு மெசின் ஒன்று போயிற்று. அது போய் முடியட்டும் என்று காத்திருந்தேன். போய் முடிந்தது. நான் சொல்லவில்லை.

அவர் தன் வீரர்களை ஒவ்வொருவராகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். அவசரப்படவில்லை. எழுந்து மோட்டார் சைக்கிளில் ஏறியவர், இயந்திரத்தை முடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அடுத்த கிழமை பாவம் பாக்காமல் விளையாடுங்கோ மாஸ்டர். அந்த ஆத்தடிச் சண்டையில விளையாடின மாதிரி. எனக்கு அது போதும்.”

“ஓம்,” என்றேன்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். அவரை வெல்ல எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.